சுவருக்குச் சட்டை மாற்ற 30,000 டாலரா?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகனும் மருமகளும் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் புறநகர் ஒன்றில், 1956-ல் கட்டிய வீட்டை வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். பேத்திக்கு இரண்டு வயது. வெளிச்சுவர் முழுக்க 'சைடிங்' மாற்ற வேண்டும், 30,000 டாலர் கேட்கிறார்கள் என்று மகன் வீடியோ காலில் சொல்லியிருக்கிறார். நம் கணக்கில் இருபத்தைந்து லட்ச ரூபாய்க்கு மேல். மகன் பணம் கேட்கவில்லை. ஆனால், ஓய்வு பெற்றபோது வந்த பணத்தைப் போட்டு வைத்திருக்கும் டெபாசிட்டை உடைத்து அனுப்பிவிடலாம் என்கிறார் அப்பா. வாசகிக்கு ஒரே குழப்பம். 'சுவருக்கு மேல் அடிக்கிற பிளாஸ்டிக் பட்டைக்கா இவ்வளவு பணம்? இது அவசியமா, ஏமாற்றா?'

அவசியமாகவும் இருக்கலாம், ஏமாற்றாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கச் சில விஷயங்களைப் பார்த்தாக வேண்டும். பிள்ளைகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ வீடு வாங்கியிருக்கும் எல்லோருக்கும் இது பயன்படும் என்பதால் இந்த வாரப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அது சுவர் அல்ல, சட்டை

நம் ஊர் வீட்டில் செங்கல் சுவர்தான் எல்லாம். பாரத்தைத் தாங்குவதும் அதுதான், மழையைத் தடுப்பதும் அதுதான். மேலே சிமென்ட் பூச்சு, பெயின்ட். முடிந்தது.

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்டத்தில் நிற்பவை. அடுத்தடுத்து நிறுத்திய மரக்கால்கள்தான் எலும்புக்கூடு. அதன் வெளிப்பக்கம் பலகையோ பிளைவுட்டோ அடித்திருப்பார்கள். அதற்கு மேல் தண்ணீர் புகாத ஒரு தாள். எல்லாவற்றுக்கும் வெளியே, நம் கண்ணுக்குத் தெரிகிற பட்டை பட்டையான அடுக்குதான் சைடிங். அது வீட்டின் பாரத்தைத் தாங்குவதில்லை. வெயிலையும் மழையையும் முதலில் வாங்கிக்கொள்கிற சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படைத் தத்துவம் நமக்குப் புதிதல்ல. ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்திருக்கும். தண்ணீர் ஓடு ஓடாக வழிந்து கீழே வரும், உள்ளே போகாது. இதைச் செங்குத்தான சுவரில் செய்தால் அதுதான் சைடிங். எங்கேயாவது ஒரு ஓடு தலைகீழாகப் படிந்தால் என்ன ஆகும் என்று ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

செங்கல் சுவர் நனைந்தால் காய்ந்துவிடும். மரச்சுவர் திரும்பத் திரும்ப நனைந்தால் மக்கிப்போகும், பூஞ்சணம் பிடிக்கும், கரையான் வரும். அதனால்தான் அங்கே சட்டை கிழிந்தால் அலட்சியமாக இருக்க முடியாது.

வீட்டுக்கு என்ன வயது?

பழைய வீடு என்றால் முதல் கேள்வி இதுதான். கட்டிய வருடம் தெரிந்தால் சுவரில் என்ன இருக்கலாம் என்று பாதி ஊகிக்கலாம்.

ஆதியில் மரப்பலகை. ஒன்றன்மேல் ஒன்று படிய அடித்து, சில வருடங்களுக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்க வேண்டும். பராமரித்தால் நூறு வருடம்கூட நிற்கும்.

1920-களிலிருந்து 1970-கள் வரை ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் ஓடுகள் சுவருக்கு வந்தன. நம் ஊர்க் கூரைகளுக்கு இன்றும் போடுகிறோமே, அதே ஆஸ்பெஸ்டாஸ்தான். தீப்பிடிக்காது, மக்காது என்று விரும்பி வாங்கினார்கள். ஏறக்குறைய 2 அடி அகலம், 1 அடி உயரம், கீழ் விளிம்பு சில சமயம் அலை அலையாக இருக்கும். மரத்தின் ரேகை போலவே மேலே கோடுகள் போட்டிருப்பார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அலுமினியம் வந்தது. 'இனி பெயின்ட் அடிக்கவே வேண்டாம்' என்று விற்றார்கள். பந்து பட்டால் ஒடுங்கும். வருடங்கள் போனால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். 1950-களின் கடைசியில் வினைல் எனப்படும் பி.வி.சி. பட்டை தலைகாட்டியது; பிறகு அதுதான் மலிவென்று ஊரெல்லாம் பரவியது. 1980-களுக்குப் பின் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஃபைபர் சிமென்ட் பலகை வந்தது. சிமென்ட், மணல், மரக்கூழ் நார் ஆகியவை கலந்தது.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு தலைமுறையும் பழையதைக் கழற்றாமல் அதற்கு மேலேயே புதியதை அடித்திருக்கும். 1956-ல் கட்டிய வீட்டின் வெளியே அலுமினியம் தெரிந்தால், உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதற்கும் உள்ளே மரப்பலகை இருக்கலாம். ஒரு பட்டையைக் கழற்றிப் பார்க்காமல் விலை சொல்கிறவர், நாடி பார்க்காமல் மருந்து எழுதுகிறவர்.

பேத்தி இருக்கிற வீடு

வாசகி கேட்காமல் விட்ட கேள்வி இது. எனக்குப் பணத்தைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது.

வீடுகளுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயம் கலப்பதை அமெரிக்கா 1978-ல் தடை செய்தது. அதற்கு முன் கட்டிய வீட்டின் மரப்பலகையிலும் ஜன்னல் சட்டத்திலும் ஈயப் பெயின்ட் இருக்க வாய்ப்பு உண்டு. ஒட்டிக்கொண்டிருக்கும் வரை பெரிய தொல்லை இல்லை. சுரண்டினாலும் அறுத்தாலும் தேய்த்தாலும் தூளாகப் பறக்கும். அந்தத் தூள் சுவரோரத்து மண்ணில் விழும். குழந்தை அந்த மண்ணில் விளையாடும், கையை வாயில் வைக்கும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். பாதித்ததைத் திரும்பச் சரி செய்ய முடியாது.

இதற்காகவே 2010 ஏப்ரலிலிருந்து ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. 1978-க்கு முந்தைய வீட்டின் வெளிப்புறத்தில் 20 சதுர அடிக்கு மேல் பழைய பெயின்ட்டைக் கலைக்கிற வேலை என்றால், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சான்று பெற்ற நிறுவனம்தான் கூலிக்குச் செய்யலாம். சுவரிலிருந்து 10 அடி தூரத்துக்காவது தரையில் பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும். விழுகிற தூளையும் சில்லுகளையும் அன்றன்றே சுருட்டிக் கட்டி எடுத்துப் போக வேண்டும். வேலை தொடங்குமுன் ஈயத்தைப் பற்றிய கையேட்டை வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். சொந்த வீட்டில் தானே வேலை செய்பவரை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால், தூளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆஸ்பெஸ்டாஸ் விஷயம் கொஞ்சம் வேறு. உடையாமல் சுவரில் இருக்கும்போது அதன் நார் வெளியே வராது. அறுத்தால், உடைத்தால், துளையிட்டால், தேய்த்தால்தான் ஆபத்து. கண்ணால் பார்த்து ஆஸ்பெஸ்டாஸ் என்று உறுதி சொல்ல முடியாது. பயிற்சி பெற்றவர் சிறு துண்டு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இருக்கிறது என்று தெரிந்தால் மூன்று வழிகள். நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விட்டுப் பெயின்ட் அடிப்பது. மேலே புதிய சைடிங் போட்டு மூடுவது. அல்லது உரிமம் பெற்றவர்களைக் கொண்டு, நனைத்து, ஆணியைப் பிடுங்கி, ஓடு உடையாமல் இறக்குவது. மூன்றாவதுக்குச் செலவு அதிகம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால் ஊராட்சி அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட வேண்டும்.

வேலை நடக்கும் நாட்களில் பேத்தியின் பொம்மைகள், மணல் தொட்டி எல்லாம் உள்ளே போகட்டும். ஜன்னல்கள் மூடியிருக்கட்டும். முடிந்தால் அந்த வாரம் தாயும் குழந்தையும் நண்பர் வீட்டில் இருக்கலாம்.

மாற்றத்தான் வேண்டுமா?

நிறம் மங்கிவிட்டது, ஓரிரு பட்டை ஒடுங்கிவிட்டது என்றால் மாற்றத் தேவையில்லை. அலுமினியத்தைக் கழுவிப் பெயின்ட் அடிக்கலாம். வினைலில் உடைந்த பட்டையை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம். அதற்கென்றே சிறு கொக்கிக் கருவி உண்டு.

தண்ணீர் உள்ளே போகிறதா என்பதுதான் கேள்வி. மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுற்றி நடந்து பார்க்கட்டும். ஜன்னல்களின் கீழ் மூலைகள், கூரை விளிம்பு சுவரில் வந்து முட்டும் இடம், மழைநீர்க் குழாயின் பின்புறம், மரத்தளம் வீட்டோடு சேரும் இடம். மழைநீர் பெரும்பாலும் நுழைவது இந்த நான்கு இடங்களில்தான். அங்கே மரத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் ரஸ்க் போல உள்ளே போகிறதா? உள்பக்கச் சுவரில் கறை, வீக்கம், மக்கிய வாடை இருக்கிறதா? செடிக்குப் போட்ட மண் ஏறி சைடிங்கைத் தொடுகிறதா? தரைக்கும் சைடிங்குக்கும் ஏறக்குறைய 6 அங்குல இடைவெளி இருப்பது நல்லது.

ஒரே ஒரு பக்கம்தான் பாதிப்பு என்றால், அந்தப் பக்கம் மட்டும் செய்யலாம். காற்றும் மழையும் அடிக்கிற திசையிலுள்ள சுவர் மற்றவற்றுக்கு முன்பே தளர்வது வழக்கம். நான்கு சுவரையும் ஒரே நாளில் செய்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பணம் போக வேண்டிய இடம்

கடையில் நிறம் பார்த்து, டிசைன் பார்த்து சைடிங் தேர்வு செய்கிறோம். ஆனால், வீட்டைக் காப்பாற்றுவது அதற்குப் பின்னால் மறைந்து போகிற வேலைதான்.

வினைல் தண்ணீரை முழுவதும் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. அதன் அடி விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். பின்னால் போகிற கொஞ்சத் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்துவிட வேண்டும். உண்மையான மழைக்கோட்டு பின்னால் இருக்கிற தாள்தான். அதை ஹவுஸ் ரேப் என்கிறார்கள். கீழிருந்து தொடங்கி மேல் தாள் கீழ்த் தாளின் மேல் படியும்படி சுற்ற வேண்டும். ஜன்னலுக்கு மேலே வளைத்து வைக்கும் தகடு, ஃப்ளாஷிங். அதன் மேல் விளிம்பு தாளுக்குள் செருகியிருக்க வேண்டும். தாளுக்கு வெளியே ஒட்டிவிட்டுப் பசை பூசினால், பசை காய்ந்து வெடித்த பிறகு தண்ணீர் நேராக மரத்துக்குள் போகும். கூரை விளிம்பு சுவரில் முடியும் இடத்தில் தண்ணீரை வெளியே தள்ளிவிடும் சிறு தகடு ஒன்று வேண்டும். சில டாலர் விலையுள்ள அந்தத் தகடு இல்லாததால் மக்கிய சுவர்கள் எத்தனையோ.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. பழைய வீட்டின் மரக்கால்களுக்கு நடுவே குளிரைத் தடுக்கும் பஞ்சு சில நேரம் இருக்கவே இருக்காது. சுவர் திறந்திருக்கும்போது அந்த இடைவெளிகளில் காகித நாரைக் காற்றழுத்தத்தில் நிரப்பலாம். அல்லது வெளியே ஃபோம் பலகை அடிக்கலாம். நியூ ஜெர்சிக் குளிரில் ஹீட்டர் செலவு குறையும். சைடிங் மூடிய பிறகு இதே வேலையைச் செய்ய இரட்டைச் செலவு. ஜன்னல்களை மாற்றும் எண்ணம் இருந்தால் அதையும் இதற்கு முன்போ இதோடு சேர்த்தோ செய்துவிட வேண்டும்.

வினைலா, ஃபைபர் சிமென்ட்டா?

வினைல் மலிவு. பெயின்ட் வேண்டாம். ஆனால் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். பன்னிரண்டரை அடிப் பட்டை அரை அங்குலம் வரை நீளம் மாறும். அதனால் ஆணியை இறுக்கி அடிக்கக்கூடாது. நீள்துளையின் நடுவில் அடித்து, பட்டை இடம் வலமாக நகரும்படி விட வேண்டும். பட்டையைக் கையால் தள்ளிப் பாருங்கள். அசையவில்லை என்றால் கோடையில் அலை அலையாக மேலெழும். கடும் குளிரில் வினைல் நொறுங்கும். பார்பெக்யூ அடுப்பை அருகில் வைத்தால் உருகும். பக்கத்து வீட்டுப் புதுக் கண்ணாடி ஜன்னல் பிரதிபலிக்கும் வெயிலில்கூட உருகியதுண்டு.

ஃபைபர் சிமென்ட் தீயில் எரியாது, மக்காது, பார்க்க மரப்பலகை போலவே இருக்கும். ஆனால் கனம். ஆள்கூலி அதிகம். சில வருடங்களுக்கு ஒருமுறை பெயின்ட் வேண்டும். அறுக்கும்போது வரும் தூளில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்குக் கெடுதல். தூளை உறிஞ்சும் கருவியோடு அறுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

கையில் பணம் குறைவாக இருந்தால் என் யோசனை: பின்னால் இருக்கும் தாளும் தகடும் முதல் தரமாக இருக்கட்டும், வெளியே வினைல் போதும். விலையுயர்ந்த பலகையைப் போட்டுப் பின்னால் கோட்டை விடுவதைவிட அது மேல்.

'இன்றைக்கு மட்டும் இந்த விலை!'

அமெரிக்காவில் சைடிங் வியாபாரத்துக்கு ஒரு பழைய கெட்ட பெயர் உண்டு. 1950, 60-களில் அலுமினியம் விற்றவர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசியே ஆளைச் சாய்த்தார்கள். 1963-ன் பால்டிமோர் நகரத்தில் இப்படிப்பட்ட இரண்டு விற்பனையாளர்களுக்குள் நடக்கும் மோதலை வைத்து 'டின் மென்' என்று 1987-ல் ஒரு ஹாலிவுட் படமே வந்தது. 'உங்கள் வீட்டை மாடல் வீடாக வைத்துக்கொள்கிறோம், அதனால் உங்களுக்கு மட்டும் தள்ளுபடி' என்கிற வசனம் இன்னும் ஓய்வு பெறவில்லை.

வீட்டுக்கு வந்து விற்பவரிடம் 25 டாலருக்கு மேல் ஒப்பந்தம் செய்தால், மூன்று வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம் என்று மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி சொல்கிறது. 1972-ல் கொண்டுவரப்பட்ட விதி இது. சனிக்கிழமை வேலை நாள் கணக்கில் சேரும். ஞாயிறும் மத்திய அரசு விடுமுறையும் சேராது. முழுக்க ஆன்லைனிலோ தொலைபேசியிலோ முடித்த ஒப்பந்தத்துக்கு இது பொருந்தாது. ரத்துப் படிவத்தின் இரண்டு பிரதிகளை விற்பவரே தர வேண்டும். தரவில்லை என்றால் அங்கேயே அவர் யார் என்று தெரிந்துவிட்டது.

கொட்டேஷனை ஒப்பிட ஒரு எளிய கணக்கு. சைடிங் தொழிலில் 100 சதுர அடிக்கு ஒரு 'ஸ்கொயர்' என்று பெயர். வீடு 40 அடிக்கு 28 அடி, சுவர் உயரம் 18 அடி என்று வைப்போம். சுற்றளவு 136 அடி. 18-ஆல் பெருக்கினால் 2,448 சதுர அடி. கூரைக்குக் கீழே வரும் இரண்டு முக்கோணங்கள், 7 அடி உயரம் என்றால், சேர்ந்து 196. ஜன்னல், கதவுக்கு 300 கழித்தால் 2,344. வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 26 ஸ்கொயர். மூன்று பேரிடம் விலை கேட்டு ஒருவர் 26 என்றும் இன்னொருவர் 35 என்றும் எழுதினால், எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்கட்டும்: பழையதைக் கழற்றுவது, அப்புறப்படுத்துவது, தாளின் பெயர், ஜன்னல் தகடுகள், ஊர் அனுமதி யார் வாங்குவது, கழற்றும் அலுமினியத்தின் பழைய இரும்புக்கடை விலை யாருக்கு. உள்ளே மக்கிய பலகை இருந்தால் 4-க்கு 8 அடி பிளைவுட் ஒன்றுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே விலை பேசிவிட வேண்டும். சுவரைத் திறந்து போட்ட பிறகு பேரம் பேச முடியாது. நியூ ஜெர்சியில் 500 டாலருக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். கான்ட்ராக்டர் மாநிலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

முன்பணத்தில் கவனம். கலிஃபோர்னியாவில் பத்து சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. மேரிலாந்தில் மூன்றில் ஒரு பங்கு வரைதான். பாதிப் பணத்தை முதலிலேயே கேட்பவரிடம் 'ஏன்' என்று கேட்கலாம். கடைசித் தவணை தருமுன், பொருள் கொடுத்தவருக்கும் கூலியாட்களுக்கும் பணம் தீர்ந்துவிட்டது என்று எழுதி வாங்குங்கள். கான்ட்ராக்டர் அவர்களுக்குப் பாக்கி வைத்தால், அவர்கள் உங்கள் வீட்டின் மேல் உரிமை கோர அங்கே சட்டத்தில் இடமுண்டு.

டெபாசிட்டை உடைக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம் அம்மா. முதலில் மகன் ஒரு வீட்டுப் பரிசோதகரை, சைடிங் விற்காதவரை, கூலி கொடுத்து அழைத்துப் பார்க்கட்டும். தண்ணீர் புகவில்லை என்றால் இது அழகுச் செலவு. மகன் தன் சம்பளத்தில் நிதானமாகச் செய்யலாம். ஒரு சுவரில் மட்டும் புகுந்தால் அந்தச் சுவரைச் செய்யட்டும். மரம் பரவலாக மக்கியிருக்கிறது, அல்லது பழைய பெயின்ட் உதிர்ந்து குழந்தை விளையாடும் மண்ணில் விழுகிறது என்று தெரிந்தால், தள்ளிப்போடக் கூடாது. அப்போதும் அங்கேயே வீட்டின் பேரில் கடன் பெற வழி இருக்கிறதா என்று அவர் விசாரிக்கட்டும். அவருக்கு முன்னால் இன்னும் சம்பாதிக்கும் வருடங்கள் இருக்கின்றன; உங்கள் கணவரின் டெபாசிட்டுக்கு இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று வைத்த பணம் அந்த வேலைக்கே இருக்கட்டும்.

நீங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேத்தியின் ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்த்தார்களா என்று மருமகளிடம் கேளுங்கள். பழைய வீட்டில் வளரும் குழந்தைக்கு ஒன்று, இரண்டு வயதில் அங்கே குழந்தை மருத்துவர்கள் வழக்கமாகச் செய்யும் எளிய சோதனை அது.

வேலை என்று தொடங்கினால், சுவர் திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் மகன் போட்டோ எடுத்து வைக்கட்டும். தாள், தகடு, ஜன்னல் மூலை எல்லாம். முடிந்த பிறகு மிஞ்சிய பட்டைகளில் நாலைந்தை கேரேஜில் படுக்கை வாட்டில் போட்டு வைக்கட்டும். நாலு வருடம் கழித்துப் பேத்தியின் பந்து பட்டு ஒன்று உடையும்போது, அந்த நிறம் கடையில் இருக்காது.